இந்தக் கையை எண்ணாதீங்க

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுதவும் கை வரமாட்டேங்குது. அதனால வழக்கம்போல "என்னங்க"ன்னே ஆரம்பிக்கிறேன். எல்லாரும் படிக்கட்டும்னுதான் எழுதறேன். நம்ம வீட்டு விஷயம்னு நான் மூடி வெச்சதெல்லாம் ஊருக்கே தெரிஞ்சதுதானே!

நீங்க போய் மூணு மாசமாச்சு. வார்டு ஆளுங்க இன்னும் உங்க போனுக்குத்தான் அடிக்கிறாங்க. நான் எடுத்தா, இந்த ஊர்க் கன்னடத்துல "யஜமான்ரு இல்லையாம்மா?"ன்னு உங்களைக் கேக்கறாங்க. சாவுக்கு வந்து மாலை போட்டவங்களே கேக்கறாங்க. "இல்லைங்க"ன்னா, "சரி, வந்ததும் சொல்லுங்க"ன்னு வெச்சிடறாங்க. முதல்ல சிரிப்பா இருந்துச்சு. இப்ப அந்தப் போன் அடிச்சாலே எடுத்துத் தலையணைக்கு அடியில வெச்சுடறேன்.

அவங்களைச் சொல்லி என்ன பண்ண? வார்டைப் பெண்களுக்குன்னு ஒதுக்கினதும் என்னை நிறுத்தினது நீங்க. போஸ்டர்ல உங்க முகம் பெருசு, என் முகம் ஓரத்துல. "கமலா, நீ போய் உக்காந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்"னீங்க. பாத்துக்கவும் செஞ்சீங்க, இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். எங்க சாக்கடை அடைச்சாலும் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் நின்னீங்க. நகரசபை கூடினா பார்வையாளர் வரிசையில, மத்த பெண் மெம்பருங்களோட புருஷன்மார் பக்கத்துல உக்காந்திருப்பீங்க. ஒரு தடவை செருமினா நான் கை தூக்கணும். ரெண்டு தடவைன்னா சும்மா இருக்கணும். ஜனங்க என்னைத் தேர்ந்தெடுத்தாங்க. நான் உங்க தொண்டையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். இதுல மக்கள் பிரதிநிதி யாருங்க?

போன வாரம் செல்வி வந்தா. தேவராஜ மொஹல்லா மார்க்கெட் வாசல்ல, நடைபாதையில பூ விக்கிறாளே, அவதான். நடைபாதைக் கடைகளை ஊருக்கு வெளியே மாத்தற தீர்மானம் சபைக்கு வருதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க இருக்கும்போதே அதுக்குச் சரின்னுட்டீங்க. "ரோடு ரோடாத்தான் இருக்கணும்"னு என்கிட்டயே சொன்னீங்க. ஆனா ஊருக்கு வெளியே போனா அவகிட்ட ஒரு முழம் பூ வாங்க யார் வருவா?

நான் காபியோட நிக்கறேன். அவ என்னைத் தாண்டிப் போய் உங்க போட்டோ முன்னால கை கூப்பி, "எங்களைத் துரத்திடாதீங்கண்ணா"ன்னு அழறா. "ஏண்டி, மெம்பர் நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேனே, என்கிட்டச் சொல்லமாட்டியா?"ன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "அவர் மனசு மாறினாத்தானேக்கா நீங்க கை தூக்காம இருப்பீங்க?"ன்னா. எனக்குக் கோபம் வந்துச்சு, காபியை டக்குன்னு கீழே வெச்சேன்.

நேத்து சபை கூடுச்சு. உங்க நாற்காலியில யாரும் உக்காரலை, மரியாதையாம். கை தூக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போயிருந்தேன், சாமி சத்தியமா. தீர்மானத்தைப் படிச்சு முடிச்சு, ஆதரிக்கிறவங்க கை தூக்குங்கன்னார் தலைவர்.

செருமல் கேட்டுச்சு. ஒரே தடவை. அதே கரகரப்பு, கடைசியில அதே சின்ன இழுப்பு. என் கை தானா மேல போயிடுச்சு. நான் தூக்கலைங்க! திரும்பிப் பாத்தேன், உங்க நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. மத்த புருஷன்மார் யாரும் அந்தப் பக்கம் பாக்கலை, என்னைத்தான் பாத்தாங்க.

பக்கத்துச் சீட்டு மெம்பர் சுஜாதா என் முழங்கையைப் பிடிச்சா. அவ முகத்துல ஈயாடலை. "அக்கா, செருமினது நீங்கதான். அப்படியே அவர் மாதிரி"ன்னா. தொண்டையைத் தொட்டுப் பாத்தேன், எரிஞ்சுது.

என்னங்க, நீங்க எப்போ எனக்குள்ள வந்து உக்காந்தீங்க? செத்தப்புறமா? இல்ல, இருக்கும்போதே வந்துட்டீங்களா?

யோசிக்க நேரமில்லை, எண்ணிக்கிட்டே எங்க வரிசைக்கு வந்துட்டாங்க. மைக்கைப் போட்டேன். மெம்பர் ஆனதுலேருந்து அதைத் தொட்டதே இல்லை. "இந்தக் கையை எண்ணாதீங்க, இது என்னோடது இல்லை"ன்னு கன்னடத்துல சொன்னேன். சபையே சிரிச்சுது. "பின்னே யாரோடது மேடம்?"னு தலைவரும் சிரிச்சார். "செத்துப்போன என் வீட்டுக்காரரோடது. செத்தவங்களுக்கு இங்க ஓட்டு இருக்கா?"ன்னேன். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கலை. பார்வையாளர் வரிசையில ரெண்டு பேர் எழுந்து வெளியே போனாங்க.

மறுபடி முதல்லேருந்து எண்ணினாங்க. வலது கையை மடியில வெச்சு இடது கையால அழுத்திப் பிடிச்சிருந்தேன். அது மேல போறதுக்குத் தவிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. ஒரே ஓட்டுல தீர்மானம் தோத்துப்போச்சு.

வீட்டுக்கு வந்து உங்க போட்டோ முன்னால உக்காந்து அழுதேன். உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேனோன்னு பயம். நான் விரும்பித்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன், இப்பவும் நீங்க இல்லாத வீடு எனக்குப் பிடிக்கலை. ஆனா செல்வி உங்க போட்டோகிட்ட அழுதாளே, அது என் மானக்கேடு. இனி அவ என்கிட்ட அழணும், என்னோட சண்டை போடணும். நான் சரியில்லைன்னா அடுத்த தேர்தல்ல என்னைத் தோற்கடிக்கணும். உங்களை அவ எப்படித் தோற்கடிப்பா?

அதனால ஒரு வாக்குக் கொடுக்கறேன். வருஷத் திதிக்கு அவரைக்கொட்டைக் குழம்பும் வடையும் என் கையால செஞ்சு படைக்கிறேன். வீட்டுக்கு எப்ப வேணும்னாலும் வாங்க, கனவுல வந்து திட்டுங்க, வாசலைத் திறந்தே வெச்சிருப்பேன். சபைக்கு மட்டும் வராதீங்க. வந்தீங்கன்னா, என் சாமி, எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு உங்களை வெளியே போகச் சொல்லுவேன்.

என்னைக்கும் உங்க சம்சாரம்,
கமலா,
வார்டு மெம்பர்.