நெடில் கேட்காத காது

மார்ச் 4
இந்தப் பருவத்தில் எழுத்துத் தேர்வு கிடையாதாம். பதிலுக்கு கேம் ஜாம். மூன்று பேர் ஒரு குழு. அறிவிக்கிற தலைப்பில் இரண்டே நாளில் ஒரு விளையாட்டைச் செய்து கொடுக்க வேண்டும். பேராசிரியை ஏதோ பரிசு தருவதுபோல் சொன்னார். போன பருவத்தில் தோற்றவள் நான். இதிலும் தோற்றால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். தேர்வென்றால் நான் மட்டும் திருதிருவென்று முழிப்பேன். இதில் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்தல்லவா கவிழ்ப்பேன்?

மார்ச் 5
என் குழுவில் நிரல் எழுத, சிரிக்கவே தெரியாத ஓர் உம்மணாமூஞ்சி. படம் வரைய ஒருத்தி. வாயே திறக்க மாட்டாள், சித்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் பார்த்தாலே பயம்.

மார்ச் 9
ஜாம் தொடங்கிவிட்டது. புரொஜக்டர் மக்கர் செய்ததால் தலைப்பை மைக்கில் சொன்னார்கள். ஒரே இரைச்சல். "தலைப்பு விடு!" என்று நான்தான் முதலில் கத்தினேன். "அம்மா சைக்கிளப் பிடிச்சுக்கிட்டே ஓடுறா. பட்டன அழுத்திக்கிட்டே இருக்கணும், சரியான நேரத்துல விடணும்!" இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேலையை ஆரம்பித்தார்கள். பிடித்திருக்கிறது போல.

மார்ச் 10, மதியம்
தண்ணீர் பிடிக்கப் போனேன். பக்கத்து மேசைத் திரையில் கூரை. அடுத்ததில் கதவு, ஜன்னல்.
வீடு! விடு இல்ல, வீடு! ஐயோ, தலைப்புக்கான மார்க் மொத்தமும் போச்சே. எப்படிச் சொல்லுவேன்? சொல்லாமலே இருந்துடவா?

மாலை
சொல்லிவிட்டேன். உம்மணாமூஞ்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"தெரியும். எனக்கு வீடுன்னுதான் கேட்டுச்சு."
"எனக்கும்" என்றாள் சித்திரம்.
"அப்புறம் ஏன் சொல்லல?"
"நீ போட்ட சத்தத்துல யாரு வாயத் திறக்கிறது? பயமா இருந்துச்சு" என்றாள் அவளே.
என்னைப் பார்த்தா? இதுவரை ஒரு பூனைகூட என்னைக் கண்டு பயந்ததில்லை.
மாற்ற நேரமில்லை, அப்படியே கொடுத்துவிட்டோம். எப்படிச் செய்தோம் என்று கூடவே கொடுக்க வேண்டிய அறிக்கையில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். வம்பை விலைக்கு வாங்கிவிட்டேனோ?

மார்ச் 17
நாளை முடிவு. சோறு இறங்கவில்லை.

மார்ச் 18
தலைப்புக்கு மார்க் பூஜ்யம். விளையாட்டும் அறிக்கையும் கரையேற்றின. மயிரிழையில் தேறினோம்.

ஆகஸ்ட் 12
அடுத்த ஜாம். இருவரும் நடுவில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். தலைப்பைச் சொல்லப் பேராசிரியை எழுந்ததுமே சித்திரம் என் வாயைப் பொத்தினாள்.
"நாங்க கேட்டுச் சொல்ற வரைக்கும் நீ மூச்!"