விரலை எடுத்த பிறகும்

மச்சான்,

என் தங்கை மகள் கோலாலம்பூரிலிருந்து வந்தபோது எனக்கென்று ஒரு கீபோர்ட் கொண்டுவந்தாள். என் மணிக்கட்டு வலிக்கு மவுஸ் ஆகாதாம். இதில் நான்கு விசைகளை அழுத்தினாலே திரையில் அம்பு நகரும். அதற்காகக் கீபோர்டுக்குள் இருக்கும் நிரலை அவளே மாற்றி எழுதியிருக்கிறாள். அழுத்தினேன். அம்பு மெதுவாகக் கிளம்பியது, வேகம் பிடித்தது, விரலை எடுத்ததும் வெடுக்கென்று நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

என் வலது கால் தானாக அசைந்தது. இந்த வித்தை பிறந்ததே இந்தக் காலில்தான் என்றேன். மாமா வழக்கம்போல் அளக்கிறார் என்று சிரித்தாள். சாட்சி சொல்ல நீ இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. ரிங்லெட்டுக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்தில் நீ ஆலைக் கிராணி, கணக்கெழுதுபவன். நான் லோரி ஓட்டுநர். அதாவது, மலையையே மூட்டை கட்டி ஈப்போவில் இறக்கிக்கொண்டிருந்தவன். கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் உன் வலது கை சிக்கியது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின.

துரை கெட்டவரில்லை. ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில், தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் பகுதிகளைப் பிரித்துத் தோட்டத்தின் படத்தை வரைந்து காட்டச் சொன்னார். கவாத்து தொடங்குமுன் முடித்தால் வேலை உனக்கு. இல்லையென்றால் வேலையோடு தோட்டத்து வீடும் போகும். உன் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள்.

இடது கையில் மவுஸைப் பிடித்தால் கோடு புழுவாக நெளிந்தது. ரேடியோ பழுதுபார்த்துப் பழகியவன் நீ, விடுவாயா? பழைய கீபோர்டின் நான்கு விசைகளை ஒரு சிப்போடு இணைத்து, மவுஸ் செருகும் இடத்தில் செருகினாய். சிப்பில் உன் நிரலை ஈப்போ கடையில் ஏற்றி வாங்கி வந்தேன். முதல் முறை அம்பு தவளைபோலத் தத்தியது. அடுத்த முறை, தொட்டவுடன் பாய்ந்து திரையின் ஓரத்தில் போய் முட்டியது.

எழுதியதை அழித்து மறுபடி எழுத, சிப்பின் சின்னக் கண்ணாடிச் சன்னலில் நாள்கணக்காக நல்ல வெயில் பட வேண்டும். நம் மலையிலா வெயில்? மூடுபனி அடுப்படிக்குள் வந்து குளிர்காயும் ஊர் அது. லோரிக் கூரையில் சிப்பைக் கட்டிக்கொண்டு நான் கீழே போய்ப் போய் வந்தேன். சூரியனையே உனக்குக் கூலியில்லாமல் ஏற்றி வந்தவன் நான்.

கவாத்து நெருங்கிவிட்டது. இன்னொரு முறை தவறினால் அழிக்க நாளில்லை. அன்று காலை நீ லோரியில் ஏறி, பால் கலக்காத தே ஓ ஒரு கிளாஸை டேஷ்போர்டில் வைத்தாய்.

"சிந்தாம ஓட்டுலா, பாப்போம்."

"இந்த வளைவுலயா? தேவலோகத்துத் தேரே சிந்திடும்டா."

இரண்டு விரல் மிஞ்சிய அந்தக் கையை என் வலது முழங்காலில் வைத்தாய். நான் பெடலை மிதிப்பதும் விடுவதும் உன் கைக்குத் தெரிந்துகொண்டே வந்தது. மலையடிவாரத்தில் தாப்பா வந்ததும் சொன்னாய்.

"கால எடுத்தப்புறமும் வண்டிய கொஞ்சம் போக விடுற மச்சான். அதத்தான் நான் எழுதல."

எழுதினாய். துரை உன் பின்னால் நின்று பார்த்தார். இடது ஆள்காட்டி விரலால் ஓடையின் கரையோரமாக அம்பை நடத்திக்கொண்டு போனாய். ஓடை எங்கே திரும்பியதோ அங்கே கோடும் திரும்பியது. அவர் பாராட்டவெல்லாம் இல்லை. அடுத்த வருஷத்துப் படத்தை எப்போது தருவாய் என்றுதான் கேட்டார். உன் மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள்.

இதில் ஒரு அங்குலம்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. தே ஓ மட்டும் கொஞ்சம் சிந்தியது.

உன்னைக் கடைசியாகக் கொண்டுபோன வண்டியையும் நான்தான் ஓட்டினேன். டேஷ்போர்டில் கிளாஸ் இல்லை, இருப்பதுபோலவே ஓட்டினேன். வளைவுக்கு வளைவு என் முழங்கால் கனத்தது.

இப்போது லோரி ஓட்டக் கண் விடுவதில்லை. காலையில் கீபோர்டின் முன் உட்கார்ந்து, ஒரு விசையை அழுத்தி விரலை எடுக்கிறேன். அம்பு இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.