அழுத்தக்காரிக்கு இரண்டு மூச்சு

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம், உன் அண்ணனும் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். நலமாக இருப்பதால்தானே மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. போனில் கூப்பிட்டால் "சரி அண்ணி, சரி அண்ணி, வைக்கட்டுமா அண்ணி" என்று நாலு சரியில் என்னை முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் உட்கார்ந்து பதில் எழுதித்தானே ஆகவேண்டும்? அதான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை கிடங்கு வாசலில் ஒரு லாரி ஓட்டுநர் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அசைஞ்சு வாடி அழுத்தக்காரி..." எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நின்றேன். அடிப்பாவி, என் குரல்! போன தடவை வந்தபோது மூலையில் நின்று மைக்கை நீட்டிக்கொண்டிருந்தாயே, அதுதான். "இது நான் பாடினதுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, பின்னாடி கோரஸ் போடுறது நான்தான்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். கிரேன் வாசலோடு நின்றுவிடும், அங்கிருந்து உள்ளே கல்லைச் சாய்த்து நிறுத்துகிற தாங்கிச் சட்டம் வரைக்கும் சலவைக்கல் பலகையை எட்டு பேர் கையால்தான் கொண்டுபோக வேண்டும், அந்த எட்டு பேரும் சேர்ந்து தூக்கக் குரல் கொடுப்பது நான் என்று விளக்கு விளக்கென்று விளக்கினேன். கடைசியில் கல் தூக்குகிற நம் ஒல்லி வந்து சாட்சி சொன்னான். அப்புறம்தான் அந்த ஆள் மரியாதையாகப் பேசினார்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "பதினாறு வருஷமா ஓசியில கேட்கிறேன், இப்ப ஊரே கேட்குதா" என்றார். அவ்வளவுதான் அவர் சந்தோஷம்.

எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? ஒழுங்காகப் பதில் போடு.

உன்மேல் கோபமாக இருக்கும்,
அண்ணி


ஜனவரி 20

அன்பும் கோபமும் நிறைந்த அண்ணிக்கு,

காதைத் திருகாதீர்கள். எழுதாதது தப்புதான். எட்டுக்குப் பத்து அறை, ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர், இதில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் பேட்டியில் இருமலை வெட்டுகிற வேலை. இருக்கவும் பிடிக்கவில்லை, எழுந்து போகவும் இடமில்லை. சலிப்பில் ஒருநாள் உங்கள் பாட்டை எடுத்துச் சீர்செய்து இணையத்தில் ஏற்றினேன். இன்றைக்கு ஆறு லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். எழுத்துப்பிழை இல்லை அண்ணி, ஆறு லட்சம்தான்.

யார் யாரோ எழுதுகிறார்கள். ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் வகுப்பில் போடுகிறாராம். ஒரு குடும்பம் இதைப் பாடிக்கொண்டே நாலு மாடிக்குப் பீரோவை ஏற்றியதாம். "அழுத்தக்காரி யார், காதலியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "கல்" என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு ஆளைக் காணோம்.

ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வரிக்கும் பதிலுக்கும் நடுவில் நீங்கள் விடுகிற காலி இடம் நீளமாக இருந்தது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். அதனால் எல்லா இடத்திலும் பாதியாகக் குறைத்தேன். அதற்கப்புறம்தான் ஓட ஆரம்பித்தது.

இன்னொன்று. ஏப்ரலில் இங்கே பெரிய அரங்கில் இசை விழா. இரண்டாயிரம் இருக்கை. உங்களைக் கேட்கிறார்கள். வருவீர்களா?

உங்கள் அன்பு நாத்தனார்


பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

ஆறு லட்சத்தை ஒல்லியிடம் எழுதிக் காட்டினேன். அவன் சைபரை மூன்று முறை எண்ணினான்.

"காலி இடம்" என்று எழுதியிருக்கிறாயே, அது காலி இல்லையடி. அதற்கு மூச்சு என்று பேர். நான் ஒரு வரி சொன்னால் இரண்டு மூச்சு விடவேண்டும். தூக்கும்போது முதல் மூச்சில் பிடி, இரண்டாவதில் தூக்கு. இறக்கும்போது முதல் மூச்சில் அடியில் இருக்கிற விரலை உருவு, இரண்டாவதில் கல்லை விடு. உன் அண்ணன் கடைசிப் பிடி, கல்லுக்கு அடியில் கை கொடுப்பவர், அவருக்குத்தான் அது ரொம்பத் தேவை. சரி, கேட்கிறவர்கள் கையில் கல்லா இருக்கிறது? போனில் ஒன்று போதும். நானே போட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, துள்ளலாக. பொய் சொல்வானேன், பழசைவிட நன்றாக இருக்கிறது.

எனக்கு இப்போது கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாத்திரம் கழுவினால் பாடுகிறேன், பேருந்தில் பாடுகிறேன், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விட்டார். புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும் உன் பாட்டைப் போனில் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. படம் எடுக்க ஆட்கள் வேறு வரப்போகிறார்களாம். மேலாளர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். பதினாறு வருடமாகக் கேட்ட மின்விசிறி இந்த வாரம் வந்துவிட்டது.

அரங்குக்கு வருவேன். வராமலா? ஆனால் மேடையில் நின்று கையை எங்கே வைத்துக்கொள்வது? அதை மட்டும் சொல்.

உன் அண்ணி, ஆறு லட்சம்


பிப்ரவரி 12

அன்பு அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன், நாலு வேலை காத்திருக்கிறது. கையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மைக்கைப் பிடித்துக்கொண்டால் போதும்.

படம் எடுக்க வருகிறவர்கள் என் பதிவின் மேல்தான் படத்தை ஒட்டுவார்கள். அதனால் அன்றைக்கு மட்டும் போனில் இருக்கிற மாதிரியே ஒற்றை மூச்சு விட்டுப் பாடுங்கள். இரண்டு விட்டால் வாய் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். கல் இல்லாமல் சும்மா நடிக்கச் சொன்னாலும் சரி, அவர்கள் விருப்பம். இந்தப் படம் நன்றாக வந்தால் அரங்கில் நமக்குக் கடைசி நிகழ்ச்சி, அதாவது முக்கியமான நிகழ்ச்சி. மறக்காதீர்கள், ஒற்றை மூச்சு.

நாத்தனார்


பிப்ரவரி 27

நாத்தனாருக்கு,

பயப்படாதே. உயிருக்கு ஒன்றுமில்லை.

படம் எடுத்த அன்று, மூன்றாவது பலகையை இறக்கும்போது உன் அண்ணன் கை மாட்டிக்கொண்டது. வலது கை. மோதிர விரல் நசுங்கிவிட்டது, சுண்டு விரலின் நுனியை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நிர்வாகத்திலிருந்து வந்து விசாரித்தார்கள். "என் கைதான் வழுக்கிடுச்சு, யார் மேலயும் தப்பில்ல" என்று அவரே சொன்னார். வழுக்காமல் என்ன செய்யும்? கையுறை போடுங்கள் என்று எத்தனை முறை தலையால் அடித்துக்கொண்டிருப்பேன். கேட்டால்தானே. அவருடைய கவனக்குறைவு, வேறென்ன. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். அவரும் தலையை ஆட்டுகிறார்.

நீ கிளம்பி வரவேண்டாம். வந்து என்ன செய்யப்போகிறாய்.

அண்ணி


மார்ச் 6

அண்ணி,

ஐந்து நாளாகக் கூப்பிடுகிறேன், நீங்கள் எடுக்கவில்லை. அண்ணன் ஒருமுறை எடுத்தார். "அட, சொறியறதுக்கு இன்னும் எட்டு விரல் இருக்கு, நீ வேலையைப் பாரு" என்று சிரித்தார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

படக்காரர்கள் அன்றைய ஒலியை எனக்கு அனுப்பியிருந்தார்கள். வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. கேட்டேன். மூன்றாவது பலகை. நீங்கள் இறக்கச் சொல்லி வரி சொல்கிறீர்கள். ஒரு மூச்சு. உடனே பதில் குரல் வருகிறது, புதிய ஆட்கள் மூன்று பேருடையது. பழையவர்கள் ஐந்து பேரின் குரல் இல்லை. அவர்கள் இரண்டாவது மூச்சுக்காகக் காத்திருக்கிறார்கள். கல் இறங்குகிற சத்தம். அப்புறம் அண்ணன்.

கை வழுக்கவில்லை அண்ணி. அவர் சரியாகத்தான் இருந்தார், விரலை உருவிக்கொண்டுதான் இருந்தார். நான் வெட்டி எறிந்தது அந்த நேரத்தைத்தான். நீங்கள் எதற்கென்று எழுதியும் சொன்னீர்கள், அதைப் படித்துவிட்டுத்தான் ஒற்றை மூச்சு விடுங்கள் என்று உங்களுக்கு எழுதினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அந்தப் பீரோக் குடும்பத்தைத் தேடிப்பிடித்து, யாருக்கும் அடிபடவில்லையே என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அறையில் ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன்.

திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள்
நாத்தனார்


மார்ச் 18

அண்ணி,

இன்னும் பதில் இல்லை. அழுத்தக்காரி என்று கல்லையா பாடினீர்கள், உங்களையா?

பழைய பதிவை எடுத்துவிட்டு, முழு மூச்சோடு இருப்பதை ஏற்றினேன். கேட்கிறவர்கள் மளமளவென்று குறைந்துவிட்டார்கள். "நடுவுல பாட்டு நின்னு நின்னு போகுது, சரி பண்ணுங்க" என்று எழுதுகிறார்கள். விழாக்காரரிடம் இப்படித்தான் பாடுவோம் என்று சொன்னேன். "ரெண்டாயிரம் பேரை சும்மா உட்கார வைக்க முடியாதும்மா" என்றார். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கும் சேர்த்துத் திட்டுங்கள்.

நாத்தனார்


மார்ச் 29

அன்புள்ள பெண்ணே,

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவது முறையாக எழுதுகிறேன்.

நீ ஒலியைக் கேட்டுக் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தாய். எனக்குக் கண்டுபிடிக்க எதுவும் இல்லையடி. என் வாயிலிருந்துதானே வந்தது. ஒற்றை மூச்சில் நிறுத்தியபோதே பாதி ஆட்கள் விட்டதையும் பாதி ஆட்கள் விடாததையும் கண்ணால் பார்த்தேன். நீ எழுதினாய் என்பதற்காக மட்டும் நான் அப்படிப் பாடவில்லை. எதிரே கேமரா இருந்தது. முதல் இரண்டு பலகைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். மேலாளர்கூடத் தட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. வெறும் கையால் நடிக்கட்டுமா என்று ஆட்கள் கேட்டபோது, நிஜக் கல்லே இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான்.

அப்புறம் அவர் "கை வழுக்கிடுச்சு" என்றதும், நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதம் ஊரெல்லாம் அவர் கவனக்குறைவைப் பாடினேன். ஒல்லி என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

போன வாரம் ஒருநாள் அவருக்குச் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இடது கையால் சாப்பிடத் தெரியாமல் சட்டையெல்லாம் சிந்திக்கொள்கிறார். தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் ஒரு மூச்சுதான் விட்டேன்" என்றேன். அவர் மென்று முழுங்கிவிட்டு, "தெரியும்" என்றார். "தெரியும்னா?" "பதினாறு வருஷமா உன் மூச்சுக்குக் கையை நீட்டுறவன்டி நான். எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? உன்னைச் சொல்லியிருந்தா அன்னிக்கே உன்னைக் குரல்ல இருந்து எடுத்திருப்பாங்க. அதுக்கப்புறம் நீ வீட்டுல என்ன ஆவே?" என்றார்.

அந்த மனுஷனை நாலு பேர் முன்னால் கவனமில்லாதவர் என்று சொன்னேனே! எனக்கு அப்படியே தலையை எங்கேயாவது மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

மறுநாளே நிர்வாகத்திடம் போய் என் தப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். குரலுக்கு வேறு ஆள் பார்க்கிறார்களாம், அதுவரை ஒல்லி. அவனுக்குச் சுருதி சேரவில்லை, ஆனால் மூச்சு சரியாக விடுகிறான். நான் சரக்குக் கணக்கெடுக்கும் அறையில் இருக்கிறேன். உட்காரத்தான் முடியவில்லை.

உன் பங்கை நான் சொல்லவில்லை. உங்கள் தங்கை எழுதித்தான் அப்படிப் பாடினேன் என்று இதுவரை என் வாயிலிருந்து வரவில்லை, வரவும் வராது. நான் உனக்காக மறைக்கிறேன் என்று நினைக்காதே, அது நீயே சொல்லவேண்டியது. அவர் எனக்காக மறைத்தது ஒரு மாதம் என்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். அவருக்கு நீ இன்னும் ஒன்றும் அறியாத குழந்தை. "பாவம், பாட்டு நின்னு போச்சேன்னு வருத்தப்படுவா" என்று உனக்காக வருத்தப்படுகிறார்.

இனி நீ என்ன செய்வாயோ செய். அதுவரை எனக்கு எழுதாதே.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

அண்ணனுக்குக் கடிதமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினால் அழகாக எழுதிவிடுகிறேன். வேண்டாத இடத்தையெல்லாம் வெட்டி, கேட்கிறவருக்கு இரக்கம் வருகிற மாதிரி. எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அதனால் கிழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். நீங்கள் அந்த நேரம் வேலையில் இருங்கள், அண்ணி. நீங்கள் பக்கத்தில் இருந்தால் நான் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசிவிடுவேன்.

அண்ணனிடம் நான் வருவதைச் சொல்லுங்கள். எதற்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாத்தனார்