சிரிக்க வேண்டிய இடம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆகஸ்ட் 2008

அன்புள்ள பேத்திக்கு,

உன் தம்பி சிதம்பரத்தில் இன்ஜினியரிங் முடிச்சுட்டான், முதல் வகுப்பு. உன் தங்கச்சி நித்யா நர்சிங் சேர்ந்துட்டா. நீ பெங்களூரில் ஆபீசர். எதிர்வீட்டு ஜெயராணி காதில் விழுற மாதிரி தினமும் சொல்றேன்.

தாத்தாவுக்குத்தான் கஞ்சி இறங்கல. பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சும் இல்ல. நீ லீவுல வந்தா படிச்சுக் காட்டுவியே, வெள்ளைக்கார முதலாளி மாட்டிக்கிற வம்பிலிருந்தெல்லாம் வேலைக்காரர் காப்பாத்துற இங்கிலீஷ் சிரிப்புக் கதை, அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஜெயராணி மகள்தான் படிச்சா. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருந்துச்சு. தாத்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

அஞ்சாங்கிளாஸ் படிச்சவளுக்கு இங்கிலீஷ் ஏதும்மா? நானே புத்தகத்தை விரிச்சுவச்சு, படிக்கிற மாதிரி அங்கங்க சிரிச்சேன். அவரும் சிரிச்சு ரெண்டு கரண்டி குடிச்சார்.

நேத்தும் அப்படியே செஞ்சேன். அவர் கண்ணு புத்தகத்து வரியிலேயே இருந்துச்சு. நான் தப்பான எடத்துல சிரிச்சுட்டேன் போல. என்னையே பார்த்தார். வாயை மூடிக்கிட்டார். இன்னும் திறக்கல.

புது போட்டோ அனுப்புன்னு இந்தத் தடவை கேக்கல. நீ வா. வந்து, எங்கெங்க சிரிக்கணும்னு எனக்குக் காட்டிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் ஆயா