எதிர்மறைக் காலத்தை ஏற்க மறுத்த ஆணை

மழை வளம் பெருகுக. மண்ணாள்வோர் மனம் தெளிக. செம்புனல் நாட்டரசி செங்கழலியாரின் பெருமந்திரி நல்லடியான், ஏழ்மலைப் பேரரசின் சேனாபதி வச்சிரகேதுவுக்கு விடுக்கும் ஓலை.

எங்கள் கணிப்பொறிச்சாலைத் தலைவி இளவெயினியைக் கட்டி அனுப்புமாறு தாங்கள் பணித்தது கிடைத்தது. அவர் செய்தது இன்னதென்று அறிந்தருள்க.

மேலணைக் கணிப்பொறியிடம் நீர்மட்டம் கேட்பதும், குறித்த நேரத்துக்குள் மறுமொழி வாராவிடில் அபாயச் சங்கை ஊதுவதும் கீழணைக் கணிப்பொறியின் கடமை. அந்நேரத்தைக் கணக்கிடும் நிரல் தங்கள் படைக்கூடத்தில் எழுதப்பட்டது. சென்ற கார்காலத்தில் அது தவறாகக் கழித்து, பூச்சியத்துக்கும் கீழான எண்ணைத் தந்தது. எங்கள் சாலை ஆக்கி, தங்கள் பொறிகளையும் இயக்கும் இயங்குதளமோ அதைச் சோதியாமல் வாங்கி, முடிவின்றிக் காத்திருக்கப் பணித்ததாகக் கொண்டது. மேலணைப் பொறி வெள்ளத்தில் மூழ்கிப்போக, அதன் மறுமொழிக்காகக் கீழணை வாய்மூடி நின்றது.

ஆற்றின் நிறம் மாறியதைக் கண்ட இளவெயினி, மழையில் ஓடிக் கீழூரின் கதவுகளைத் தட்டினார்.

“சங்கே ஊதலையே தாயி, எதுக்குக் கெளம்பச் சொல்ற?” என்றான் குயவன் மாசாத்தன்.

“சங்கு செத்துப்போச்சு அண்ணே, புள்ளைகளத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு!” என்று அவர் கத்தினார்.

பிள்ளைகளை மேட்டில் விட்டு, கன்றை அவிழ்க்கத் திரும்பிய மாசாத்தன் மீளவில்லை.

சேறு காயாத ஆடையோடு பொறிமுன் அமர்ந்த இளவெயினி, பொறிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் இயங்குதளத்தின் வலைப்பகுதிக்கு வரும் காத்திருப்பு நேரம் ஒவ்வொன்றையும் ஏற்குமுன் சோதிக்க வைத்தார். பூச்சியத்துக்குக் கீழானதும், நொடியின் பின்னமெனச் சொல்லிக்கொண்டு முழுநொடியையும் மிஞ்சுவதும் இனிப் பிழையென்று திருப்பப்படும். தங்கள் நிரல்கள் பல அதனால் நின்றன என்கிறீர். பிழை அவர் படைத்ததன்று; மறைந்து கிடந்ததை உரக்கச் சொல்ல வைத்தார், அவ்வளவே.

சோதனையை நீக்காவிடில் படை வரும் என்றீர். அதைக் கேட்ட இளவெயினி, தம்மால் நாடு அழியலாகாதென்று மூட்டை கட்டிக்கொண்டு அவைக்கு வந்து, தம்மை அனுப்பிவிடுமாறு வேண்டி நின்றார். அரசியார் அரியணை விட்டிறங்கி அம்மூட்டையைத் தம் கையால் அவிழ்த்தார். உள்ளிருந்த சேலையை எடுத்து உதறி, இளவெயினியின் தோளில் போர்த்தினார்.

ஆதலால் சோதனை நிற்கும். இளவெயினியும் இங்கேயே இருப்பார். திருத்தத்தக்கது தங்கள் நிரலே. அதை விடுத்துப் படை எழுப்பினால், அணையைக் கடக்குமுன் எங்களைக் கடக்க வேண்டும்.

இது அரசியார் ஆணை. முத்திரை இட்டோம்.