வெளிமாவுக்கு வரி

ஜூன் 8, ஞாயிறு
இன்னும் இரண்டு வாரத்தில் எங்கள் மேடவாக்கம் அபார்ட்மென்ட்டுக்குச் செயலாளர் தேர்தல். குமரவேல் அங்கிள் நிற்கிறார். ஒரே வாக்குறுதி: வெளியாட்கள் கொண்டுவந்து விற்கும் எந்தப் பொருளுக்கும் கேட்டிலேயே வரி, குடியிருப்பவர்கள் செய்து விற்றால் வரி இல்லை. உதாரணத்துக்கு யாரைக் காட்டினார்? என் அம்மாவை. மூன்றாவது மாடியில் இட்லி மாவு அரைத்து விற்பவள் ஒரே நாளில் உள்நாட்டு உற்பத்தியாளர் ஆகிவிட்டாள். கோஷம் எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "அரைத்த மாவையே அரைக்காத ஒரே வேட்பாளர்!" அங்கிள் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் பார்த்துவைத்த பெரிய கிரைண்டரை எப்படியாவது வாங்கிவிடணும், அவளுக்கு அது மட்டும்தான்.

ஜூன் 10, செவ்வாய்
எதிர்த்து நிற்பது பிளஸ்ஸி ஆன்ட்டி, கணக்கு டீச்சர். கேட் திறந்தே இருக்கட்டும், எது நல்லதோ அதை வாங்கிக்கலாம் என்கிறார். லிஃப்டில் என் கோஷத்தைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நாம குடிக்கிற தண்ணியே வெளியிலேர்ந்து லாரில வருது நித்யா. அதுக்கும் வரி போடுவாரா, இல்ல மொட்டைமாடில மழை பெய்ய வைப்பாரா?"
இரண்டாவது மாடியிலேயே இறங்கிப் படியேறிவிட்டேன்.

ஜூன் 11, புதன்
எதிர் அபார்ட்மென்ட்டுக்கு மாவு டப்பா கொடுக்கப் போனேன். கை சும்மா இருக்குமா? அங்கிளின் நோட்டீஸ் ஒன்றை அவர்கள் லிஃப்டில் ஒட்டி, அடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்: "எதிர்நாட்டு மக்களே, உங்கள் சரக்கு இனி எங்கள் எல்லையைத் தாண்டாது. இப்படிக்கு, சுங்கத்துறை."

ஜூன் 13, வெள்ளி
போச்சு.
எதிர் கேட்டில் செக்யூரிட்டி பாலு அண்ணா எங்களை மறித்துவிட்டார். "உங்காண்ட வரின்னா எங்காண்டயும் வரிதாம்மா. அந்த நோட்டீசப் பாத்துட்டு அசோசியேஷன்ல சொல்ட்டாங்க. நா இன்னா பண்றது?"
அம்மாவின் மாவில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது. டப்பாக்கள் திரும்பி வந்து, ஃப்ரிட்ஜில் இடமில்லாமல் தரையில் — பொங்கிக்கொண்டு. அம்மா டப்பா மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தா கூட பரவால்ல. என்னை நானே திட்டிக்கொண்டேன்: ஏன்டி இப்படி பண்ணே நித்யா? லூசா நீ?

ஜூன் 14, சனி
ஒட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அம்மா உளுந்தைக் களைந்துகொண்டே சொன்னாள்: "நீ ஒட்டலேன்னாலும் அவர் ஜெயிச்சதும் இதான் நடந்திருக்கும். இப்பவே தெரிஞ்சுது, போ."
தண்டனை: மூன்று வேளையும் புளித்த மாவில் ஊத்தப்பம்.

ஜூன் 15, ஞாயிறு
கார் பார்க்கிங்கில் வேட்பாளர் கூட்டம். அங்கிள் மறுபடி அம்மாவைக் காட்டிப் பேச, அம்மா எழுந்தாள். மைக்கைத் தொட்டே பழக்கமில்லாதவள். துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே பேசினாள்.
"அண்ணா, என்னைக் காப்பாத்தறேன்னு நீங்க நம்ம கேட்டை மூடினா, அவங்க கேட்டும் மூடுது. எனக்கு ரெண்டு கேட்டும் வேணும்."
ஒரு விசில். என்னுடையதுதான்.

ஜூன் 22, ஞாயிறு
பிளஸ்ஸி ஆன்ட்டி பதினோரு ஓட்டில் ஜெயித்தார்! தோற்ற அங்கிள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு டப்பா மாவு வாங்கிக்கொண்டு போனார், என்னை முறைத்தபடியே. எதிர் கேட் மாலையே திறந்துவிட்டது. பாலு அண்ணா எனக்கு சல்யூட் அடித்து, "வாங்க சுங்கத்துற" என்றார். ஆக, எழுதியது நான்தான் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது!

ஜூலை 2, புதன்
எதிர் அபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு ஆன்ட்டி நம்ம பக்கம் மாவு விற்க வந்துவிட்டார். அம்மா அவரிடமே ஒரு பாக்கெட் வாங்கித் தோசை வார்த்து என் தட்டில் போட்டாள்.
"எப்டி இருக்கு?"
"சொன்னா அடிப்பே."
அம்மா ஒரு விள்ளல் பிய்த்து, கண்ணை மூடி மென்றாள். இன்னொன்றும் பிய்த்தாள். பிறகு எழுந்து போய், நாளைய மாவுக்கு ஊறிக்கொண்டிருந்த உளுந்தில் இன்னும் ஒரு கைப்பிடி போட்டாள்.