ஜாடி முழுக்க உன் பிறந்தநாள்

அன்பு நீங்கிய கோல்பிக்கு,

இதனால் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மதியம் பள்ளி உணவகத்தில் சாக்லேட் பால் தீர்ந்துவிட்டது. நாடே துக்கம் அனுசரிக்கிறது. நீ மட்டும் என் முகம் பார்க்காமல் வேறு மேசையில் பீட்சா தின்றுகொண்டிருந்தாய்.

மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்று நினைக்காதே. வரலாற்று வகுப்பில் நான் செய்தது சாதனை. அந்தக் காலத்தில் யாருடைய பிறந்த தேதி வந்ததோ அவரை வியட்நாம் போருக்கு அனுப்பிய குலுக்கலை நடத்திக் காட்டுவதற்காக, மிஸ் ஹாலரன் நம் எல்லோருடைய பிறந்த தேதியையும் சீட்டில் எழுதி ஜாடியில் போடச் சொன்னார். அந்த வேலையை என்னிடமா கொடுப்பது? முதல் சீட்டில் நீ, இரண்டாவதில் நீ, மூன்றாவதிலும் நீ! "கிளம்புடா சிப்பாய், அம்மாகிட்ட சொல்லிட்டு வா!" என்று நான் கத்தியதும் வகுப்பே உருண்டு சிரித்தது.

"எங்க அண்ணன் பட்டாளத்துக்குப் போயி ஒன்பது நாள்தான்டா ஆகுது. இனிமே எங்கிட்ட பேசாத" என்று நீ வெளியே போய்விட்டாய். அதற்காக மிஸ்ஸிடம் போட்டுக்கொடுப்பதா, தொட்டாற்சுருங்கி? எனக்கு ஒரு வாரம் தண்டனை வகுப்பு. நீ பயந்தாங்கொள்ளி. நான் எதற்கும் அஞ்சாதவன்.

சரி, ஒன்று சொல்கிறேன், யாரிடமும் உளறாதே. முதலில் எல்லோருடைய தேதியையும் ஒழுங்காகத்தான் எழுதினேன். என் சீட்டை மட்டும் ஜாடியில் போடக் கை வரவில்லை. வெறும் விளையாட்டுதான், ஆனாலும் அதை மென்று விழுங்கிவிட்டேன். ஒரு சீட்டு குறைவது தெரியாமலிருக்கத்தான் எல்லாவற்றையும் உன் தேதியாக்கினேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து நாற்காலி எதிரி